ராணிக்குத் தலைவாரியவர்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கொடுக்காதீர்கள். அப்பாவிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இந்த வரியோடு நிறுத்திவிட்டு வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டால் உங்களுக்குப் புண்ணியம். இது உங்களுக்கு எழுதியதில்லை. யாருக்கு எழுதுகிறேனோ அந்த ஆள் இனிமேல் வந்து வாங்கிக்கொள்ள முடியாது.

உனக்குத்தான் எழுதுகிறேன். உன் பெயரைப் போட மாட்டேன். போட்டால் உன் அப்பாவுக்கு இன்னொரு தலைகுனிவு.

இன்று சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து தன்னுடைய கல்யாணப் புடவையை எடுத்தாள். நாளைக் காலை நான் கட்டிக்கொள்ள. மடிப்பைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. கற்பூரமும் காடியும் கலந்த மாதிரி, லேசாகக் குமட்டுகிற வாசனை. அம்மா புடவையை மூக்கருகில் கொண்டுபோய், “அந்துருண்டைதானே போட்டு வச்சேன்? கர்ப்பகிரகம் மாதிரியில்ல வாசம் அடிக்குது” என்றாள். நீ கொடுத்த பிலிம் துண்டு அந்த உள்மடிப்பில்தான் இருந்தது. அம்மாவின் கல்யாணப் புடவையை இந்த வீட்டில் யார் தொடப்போகிறார்கள் என்று நம்பி வைத்திருந்தேன். “குடும்மா, நான் உதறித் தரேன்” என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. மூடிக்கொண்டேன்.

அம்மா அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்திருந்தால் கேட்டிருப்பாள். கேட்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத் தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அது இல்லை. என்னைப் பார்த்து, “தலையை நல்லா எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னிக்கோ” என்று மட்டும் சொன்னாள்.

எல்லாரும் படுத்த பிறகு சாமான் அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சிம்னி விளக்கைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், வெளிச்சம் கதவிடுக்கில் தெரியாமலிருக்க. வெளியே கார்த்திகை மழை. துண்டை விளக்கருகில் பிடித்துப் பார்க்கலாமென்றால் உன் குரல் கேட்கிறது: “அடியே, விளக்குகிட்ட கொண்டு போகாதே. குப்புனு பத்திக்கும்.” உன் அப்பா சொல்லிச் சொல்லி உனக்கு மனப்பாடமான வசனம். தள்ளிப் பிடித்துத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பெண்கள். ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மற்றவள் பின்னால் நிற்கிறாள். அவள் கையில் சீப்பு.

நாம் பழகியதே ஒரு தப்பான அர்த்தத்தால்தான். ஒன்பதாம் வகுப்பில் நீ என் பெஞ்சுக்கு வந்த புதிதில் அம்மா கேட்டாள், “அந்தப் பொண்ணோட அப்பா என்ன பண்றாராம்?” “ஆபரேட்டரும்மா.” “எந்த ஆஸ்பத்திரியில?” நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவாகவே பெரிய ஆஸ்பத்திரி என்று முடிவு செய்து, ஆபரேஷன் செய்கிறவர் வீட்டுப் பெண் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். அதனால்தான் சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டதும் உன் வீட்டில் கணக்குப் போட்டுவிட்டு வர எனக்கு அனுமதி கிடைத்தது. இதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில் தெப்பக்குளத்துப் பொரிகடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “எங்கப்பாவும் தினம் அறுத்து ஒட்டுற வேலைதான்டி செய்றாரு. ஆளுக்குப் பதிலா ரீலு” என்றாய்.

கணக்கு என்று சொல்லிவிட்டு நாம் ஏறிய, உன் அப்பா வேலை பார்த்த தியேட்டரின் பின்பக்க இரும்புப் படி இப்போதும் என் காலுக்கு ஞாபகமிருக்கிறது. மேலே அந்தச் சின்ன அறை, படம் காட்டும் இரண்டு மிஷின், வெளிச்சத்துக்காக உள்ளே கார்பன் குச்சி எரியும் நெடி, கோடை மாதிரி அனல். உன் அப்பா நம்மை ஒன்றும் கேட்க மாட்டார். “கார்பன் பக்கம் வராதீங்க. சத்தம் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். சுவரிலிருந்த சதுர ஓட்டை நம் இரண்டு முகத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். கன்னத்தோடு கன்னம் ஒட்டினால்தான் இரண்டு பேருக்கும் திரை தெரியும்.

இங்கிலீஷ் படம் என்றால் உன் அப்பாவுக்கு இன்னொரு வேலை உண்டு. முத்தக் காட்சி வரும் நேரம் அவருக்குத் திரையைப் பார்க்காமலே தெரியும். எழுந்து வந்து லென்சுக்கு முன்னால் உள்ளங்கையை வைப்பார். குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு. திரை முழுக்க ஒரு பெரிய கறுப்புக் கை விழும். கீழே பெஞ்சிலிருந்து, “யோவ், கையை எடுய்யா! உன் பொண்டாட்டியா அது?” என்று கத்துவார்கள். உன் அப்பா மூச்சை எண்ணிக்கொண்டு நிற்பார். பிறகு கையை எடுப்பார். அதற்குள் முத்தம் முடிந்து கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள்.

நாம் அங்கே நின்று பார்த்ததில் உனக்குப் பிடித்தது ராக்கெட் படங்கள். எனக்கு முதலில் பயம். நட்சத்திரங்களுக்கு நடுவில் அந்தக் கப்பல் சத்தமில்லாமல் போகும்போது கண்ணை மூடிக்கொள்வேன். உனக்கு அது பயமில்லை. உனக்கு வேறு சந்தேகங்கள். ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு பூதம் வரும், ஒரு பல்லியோ சேறு மாதிரி வழிகிற ஒன்றோ. அது நேராகப் போய் வெள்ளைத் தோல் பெண்ணைத்தான் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடக்கும். “ஏன்டி, ஒரு பூதத்துக்காவது அந்தக் கேப்டனைத் தூக்கிட்டுப் போகணும்னு தோணலையே? அவனும் வெள்ளையாத்தானே இருக்கான்” என்று கேட்டாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உன் அப்பா “உஸ்” என்றார்.

அந்தப் பச்சை ராணி படம் வந்த வாரத்தை எப்படி எழுதுவது? ஜட்கா வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு நோட்டீஸ் போட்டார்கள். தியேட்டர் கணக்குப்பிள்ளை தமிழில் எழுதிய கதைச் சுருக்கம். பூமியிலிருந்து கேப்டனும் ஆட்களும் ராக்கெட்டில் போகிறார்கள். கூடவே ஒரு லேடி டாக்டர். ஒரு பச்சை நிற ராணியின் கீழ் பெண்களே ஆளும் ஒரு கிரகத்தில் இறங்குகிறார்கள். நீ அந்த ரோஸ் காகிதத்தை வகுப்பில் இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துவிட்டு என் தொடையைக் கிள்ளினாய். “இதப் பாருடி. கேப்டன் இறங்கினான். சரி. அவனோட இரும்பு மனிதன் இறங்கினான். அதுவும் சரின்னு வச்சுக்க. ராணியின் வீராங்கனைகள் ஓடி வந்தனவாம். வந்தன! இரும்புக்கு இறங்கினான், பொம்பளைக்கு வந்தன!”

அன்றைக்குப் பார்த்துத் தமிழ் டீச்சர் உயர்திணையும் அஃறிணையும் நடத்திக்கொண்டிருந்தார். நீ எழுந்து கேட்டுவிட்டாய். “டீச்சர், வேற கிரகத்துல இருக்கறவங்க எந்தத் திணை?” வகுப்பு முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, “இவளைப் பார்த்தே சொல்லலாம் டீச்சர், இவ அங்கேருந்துதான் வந்திருக்கா. அந்தக் கலரு நம்ம ஊர்ல கிடையாது” என்றாள். டீச்சரும் சிரித்துவிட்டார். “போயிட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் பெஞ்சு மேல நில்லு” என்றார். நீ பெஞ்சின் மேல் நின்றபடி ஜன்னல் வழியாக மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அழவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் கணக்குப்பிள்ளையையும் நீ விடவில்லை. “ஏன் சார் வந்தனன்னு போட்டீங்க?” “வேத்துக் கிரகத்து ஜீவராசிம்மா. மனுசங்க இல்லையே.” “அப்ப அந்த இரும்பு?” “இரும்புன்னாலும் ஆம்பளை மாதிரியில்ல செஞ்சிருக்கான்.” உனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. பதில் கிடைத்துவிட்டது என்றாய்.

படம் நமக்குத் தெரிந்ததே. அந்த லேடி டாக்டர் பெரிய படிப்புப் படித்தவள் என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு படம் முழுக்கக் காப்பி ஊற்றுகிறாள், அலறுகிறாள், மயங்கி விழுகிறாள். “டாக்டருக்குப் படிச்சும் காப்பிதான் ஆத்தணுமாம். அதுவும் ஆகாசத்துல” என்று நீ முணுமுணுத்தாய். அந்தக் கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறவர்கள் எல்லாரும் கன்னங்கரேலென்று இருந்தார்கள். அவர்களுக்குப் பேச்சே கிடையாது, உறுமல்தான். மூன்றாவது தடவை பார்க்கும்போது நீ கண்டுபிடித்தாய். “மணிக்கட்டைப் பாரு. சாயம் பூசியிருக்காங்க. உள்ள இருக்கறவன் வெள்ளைக்காரன்.” பிறகு, “உறுமறதுக்குக்கூட நிஜக் கறுப்பு ஆளைக் கூப்பிட மாட்டாங்க போல. என்னைக் கூப்பிட்டிருந்தா சாயச் செலவாவது மிச்சமாயிருக்கும்” என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் உன் கன்னம் என் கன்னத்தில் சூடாக இருந்தது.

அப்புறம் அந்தத் தளபதி. உயரமாக, கிராப்பு வெட்டிய தலையோடு, ராணிக்குப் பக்கத்திலேயே நிற்கிற அந்தப் பெண். கேப்டன் வந்ததிலிருந்து அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை. அதனால் அவள்தான் கெட்டவள். ஒரே ஒரு காட்சியில் அவள் ராணியின் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சீப்பு எடுத்துத் தலை வாரிவிடுகிறாள். பேச்சு எதுவும் இல்லை. ராணி கண்ணை மூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் கேப்டன் ராணியை முத்தமிடுகிறான், உன் அப்பாவின் கை விழுகிறது, கை எடுபடும்போது ராணிக்குச் சண்டையும் ராஜ்ஜியமும் மறந்துபோயிருக்கிறது. கடைசியில் தளபதி நெருப்புக் குழியில் விழுந்து சாகிறாள். கீழே எல்லாரும் கை தட்டினார்கள். திரையில் சுரங்கத்துக் கறுப்பு ஆட்கள் கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குத் திரும்ப பஸ் பிடிக்காமல் அன்று காவிரிப் பாலத்தில் நடந்தே வந்தோம். என்னைப் பாதிவரை கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி முழுக்க வந்தாய். தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாய்: “கவனிச்சியா? அந்த முத்தத்துக்கு அப்பா கை வச்சாரு. தலைவாரினதுக்கு வைக்கல.”

“அதுல மறைக்க என்னடி இருக்கு?” என்றேன்.

“அதைத்தான் சொல்றேன். எது இருக்குன்னு அவங்க யாருக்கும் தெரியல. அது நமக்குன்னு விட்டுட்டாங்க.”

அப்போது நீ என் கையைப் பிடித்திருந்தாய். எனக்குப் புரிந்ததா என்று கேட்காதே. புரிந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. புரிந்ததற்கு எந்தப் பாடத்திலும் சொல் கிடையாது. நம் வீடுகளில் தோழிகள் கைகோத்து நடப்பதை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் நாம் கைகோத்தே நடந்தோம், எல்லார் கண் முன்னாலும், மாம்பழச்சாலை வரைக்கும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பாலத்தின் மேல் படத்தை நாம் மாற்றி எடுத்தோம். நம் படத்தில் டாக்டர்தான் கப்பலை ஓட்டினாள். கேப்டன் காப்பி ஆற்றினான், அதையும் சிந்தினான். சுரங்கத்து ஆட்கள் சாயத்தைக் கழுவவில்லை, ஏனென்றால் அது சாயமே இல்லை. அவர்கள் திருச்சித் தமிழ் பேசினார்கள். “வாங்க, உக்காருங்க, ராக்கெட்டெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?” என்று கேப்டனை விசாரித்தார்கள். தளபதி சாகவே இல்லை. அந்த ஊர் இலக்கணத்தையும் நீதான் எழுதினாய். “அங்கே அவன் கிடையாது, அவள் கிடையாது, அது கிடையாது. எல்லாரும் அவர். ராணியும் அவர், சுரங்கம் தோண்டறவரும் அவர். தலைவாரி விடறவரும் அவர்.” இவ்வளவு சுலபமான ஒரு சொல் நம்மிடமே இருந்தும் ஏன் ராக்கெட் ஏறிப் போய்த் தேடுகிறார்கள் என்று கேட்டாய்.

அந்தத் தலைவாரும் காட்சியில்தான் ரீல் அடிக்கடி அறுந்தது. அறுந்த இடத்தில் நாலைந்து கட்டங்களை வெட்டிவிட்டு உன் அப்பா பசை போட்டு ஒட்டுவார். ஒவ்வொரு தடவையும் காட்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசி நாளில் சீப்பு தலையைத் தொடுவதற்கு முன்பே அடுத்த காட்சி வந்துவிட்டது. வெட்டிய துண்டுகளைக் குப்பைத் தகரத்திலிருந்து நீ பொறுக்கினாய். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, உன் வீட்டுச் சமையலறைச் சுவரில் அவர்களை நிற்கவைத்தாய். தலைகீழாகத்தான் தெரிந்தார்கள். “பரவாயில்ல, அந்த ஊர்ல அதுதான் நேரு” என்றாய். ஒரு துண்டை எனக்குக் கொடுத்தாய்.

பொங்கல் விடுமுறை முடிந்து நீ பள்ளிக்கூடம் வரவில்லை. அடுத்த வாரம் வந்தபோது மொட்டைத் தலை. சமயபுரத்து வேண்டுதல் என்று உன் அம்மா டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு நேரத்தில் நீ என்னிடம் சொன்னாய். உன் அப்பா பிலிம் வெட்டும் கத்தரிக்கோலால் நீயே உன் பின்னலை வெட்டிக்கொண்டாய், தளபதி மாதிரி. கண்ணாடியில் பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்ததாம். அரை நாள்தான் இருந்ததாம். உன் அம்மா பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. அடிக்கவில்லை. புடவைத் தலைப்பால் உன் தலையை மூடி, மறுநாள் விடிந்ததும் பஸ் ஏற்றிக்கொண்டு போய் மழித்துவிட்டார். “கிராப்புன்னா ஊரு பேசும். மொட்டைன்னா பக்தி. எங்கம்மா பெரிய ஆளுடி, கண்ணு முன்னால சாமி பேருக்கு மாத்தி எழுதிட்டாங்க” என்றாய். நான் உன் தலையைத் தொட்டுப் பார்த்தேன். மணல் காகிதம் மாதிரி இருந்தது. முடி வளர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்றாய். வளர்ந்தால் நீ மறுபடி வெட்டிவிடுவாய் என்று பயம்.

வைகாசியில் உன் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பிக்கே உன்னைக் கொடுத்தார்கள். திருவெள்ளறைக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. உன் அப்பா சினிமா ஆபரேட்டர் என்று அதற்குள் எங்கள் வீட்டில் தெரிந்துபோய், பழக்கத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

ஆடிப்பெருக்கன்று அம்மாமண்டபத்துக் காவிரிப் படித்துறையில்தான் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். புதுப்பெண்கள் கூட்டத்தில் உன்னை எனக்குத் தெரியவில்லை. சவுரி வைத்துப் பின்னி, முடிந்த மட்டும் பூவைச் சுற்றியிருந்தார்கள். நீதான் என் தாவணியைப் பிடித்து இழுத்தாய். உன் மாமியார் காப்பரிசி பிசைந்துகொண்டிருந்தார். “அது யாரோட பேசுது?” என்று கேட்டார். “கூடப் படிச்ச பொண்ணாம்” என்று யாரோ சொன்னார்கள். நீ என் காதருகில் குனிந்தாய்.

“கேட்டியா? நான் அந்த நோட்டீஸ் கிரகத்துக்கே போய்ச் சேர்ந்துட்டேன்டி. அது சாப்பிட்டுச்சா, அது தூங்கிடுச்சா. எல்லாரும் பாசமாத்தான் கேக்கறாங்க. பாசமாக் கேக்கறதுதான் கஷ்டமா இருக்கு. திட்டினாச் சண்டை போடலாம்.”

“உங்க மாமா எப்படி?”

“நல்லவர்தான். தலைவாரி விடச் சொல்ல முடியுமா அவருகிட்ட?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “வந்துடு” என்றா? எங்கே வரச் சொல்வது? எனக்கே நான் எங்கே இருப்பேன் என்று தெரியாதே. உன் மாமியார் கூப்பிட்டார். நீ போனாய். தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி சித்தப்பா இரண்டாவது ஆட்டம் போய்விட்டு வந்தார். சித்தப்பா எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படம் பார்க்கிற ஒரே ஆள். மறுநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே அம்மாவிடம் சிரித்தார். “நேத்து ஆபரேட்டர் தூங்கிட்டான் போலிருக்கு அண்ணி. கையே வைக்கல. மொத்தமும் அப்படியே ஓடுது. ஒரே விசிலு.” “கண்றாவி” என்று அம்மா உள்ளே போனாள். நான் மாவரைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா தூங்க மாட்டாரே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அரைத்து முடித்துக் குழவியைக் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

வகுப்பில் பின் பெஞ்சுக்காரி, அன்றைக்கு உன் கலரைச் சொன்னவள்தான், என்னிடம் வந்தாள். அவள் முகமே சரியாக இல்லை. “உனக்குத் தெரியாதா? அது போயிடுச்சாம். விஷக் காய்ச்சலாம். ஊர்ல வைத்தியம் பார்த்துக்கிட்டே இருந்துட்டாங்களாம். முந்தாநாளே எடுத்தாச்சாம்.”

போயிடுச்சு. எடுத்தாச்சு. நான் அழுவதற்கு முன்னால் அந்தச் சொல்தான் காதில் நின்றது. செத்துப்போன பிறகும் அவர்கள் உன்னை அதே திணையில்தான் வைத்திருந்தார்கள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளும் அழுதாள். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், எங்கள் வீட்டிலும். யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

பிறகு ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உன் அப்பாவைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு நின்றார். அவராகவே சொன்னார். “அன்னிக்கு வேலைக்குப் போகாம வீட்டுல இருக்க முடியல. அந்த எடம் வந்துச்சு. கையைத் தூக்கணும்னே தோணலம்மா. எல்லாத்தையும் மறைச்சு மறைச்சு என்ன ஆச்சு?” என் பஸ் வந்தது. “படிம்மா” என்றார். ஏறிவிட்டேன்.

படி என்றார். நாளைக் காலை மணப்பாறையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சரி என்று சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் இந்த வாரத்தோடு முடிந்தது, தையில் கல்யாணம். இந்த இடத்தைக் கொண்டுவந்த லால்குடிப் பெரியம்மா போன வாரம் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“அது எத்தனாவது படிக்குது?”

“பத்தாவது. போதும்னு அவங்கப்பா சொல்லிட்டாங்க.”

“நிறந்தான் கொஞ்சம் கம்மியோ?”

“வெயில்ல பஸ்சுக்கு நின்னு நின்னு கறுத்திருக்கு. ஒரு மாசம் வீட்டோட இருந்தா அது தெளிஞ்சிடும்.”

“அது காப்பியெல்லாம் நல்லாப் போடுமா?”

“அதெல்லாம் போடும்.”

அம்மா செல்லமாகத்தான் சொல்கிறாள். சின்ன வயதிலிருந்து என்னை அப்படித்தான் சொல்கிறாள். அப்போதெல்லாம் எனக்குக் காதில் விழுந்ததே இல்லை. நீ கேட்டுக் காட்டிய பிறகு மறுபடி கேட்காமலிருக்க முடியவில்லை. நோட்டீஸில் அச்சுப் போட்டதுபோல் கேட்கிறது. கேப்டன் இறங்கினான். கூடத்தில் பாய் விரித்திருந்தது. அது காப்பி கொண்டுவந்தது.

ராத்திரி முழுக்க உன்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்? மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்பதற்கு நான் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இந்த ஊரில் காரணமாகாது. ஒரு பையனைச் சொன்னால் கூட அடிப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள். பாலத்தின் மேல் கைகோத்து நடந்ததைச் சொன்னால், அதனாலென்ன, எல்லாரும்தான் நடக்கிறார்கள் என்பார்கள். நமக்குன்னு விட்டுட்டாங்க என்றாயே, பார்த்தாயா, அவர்கள் கை வைத்து மறைக்காததாலேயே அது இல்லாமலும் போய்விட்டது. இல்லாத ஒன்றை எப்படி நான் காரணமாகச் சொல்வது?

உன்னைப் போல் பின்னலை வெட்டிக்கொள்ளலாமென்று சாயங்காலம் வரை நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்தேன். கத்தரிக்கோல் இல்லை, உன் மொட்டையின் நிஜம் அம்மா காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். இருந்தாலும் என்ன? அம்மாவுக்கும் சமயபுரத்துக்கு வழி தெரியும். மொட்டை அடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் வேண்டுதல் என்பாள். அவர்களும் பக்தியான பெண் என்று சந்தோஷப்படுவார்கள். நீ போன பாதையை எல்லாரும் பார்த்து வைத்திருக்கிறார்கள். அடைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய். மணப்பாறைக்கு ராக்கெட் எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பாய்.

பிலிம் துண்டை இனி பெட்டியில் வைக்க முடியாது. எழுதி முடித்ததும் பின்னலைப் பிரித்து, துண்டை நடுவில் வைத்துப் பின்னி, ரிப்பனால் இறுக்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன். நாளைக்கு எல்லாரும் பின்னலைத்தான் பார்ப்பார்கள், நீளமாயிருக்கிறதா, சவுரியா என்று. பெரியம்மா கையிலெடுத்துக்கூடப் பார்ப்பார். எண்ணெயும் மல்லிகையும் கற்பூர வாசனையை மூடிவிடும் என்று நம்புகிறேன். நீயும் சீப்புமாக என் முதுகில் இருப்பாய். நான் காப்பித் தட்டோடு கூடத்தில் நிற்பேன்.

என்னிடம் மிச்சமிருப்பது இந்த நாலைந்து கட்டமும் நீ சொன்ன அந்த ஒரு சொல்லும்தான். அதை உரக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. ஒரு வேளை நாளைக்குப் பின்னல் பிரிந்து துண்டு கீழே விழுந்தால், யாராவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, பின்னால் சீப்போடு நிற்பது யார் என்று கேட்டால், அது என்று சொல்ல மாட்டேன். அவள் என்றும் சொல்ல மாட்டேன். அவர் என்பேன். அவர் என்னுடைய

கதவைத் தட்டுகிறார்கள்.